ஆலையில் இட்ட வர்ணம்

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ மாநகருக்கு அருகே ரோஸ்மொண்ட் என்னும் ஊர் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்திலே அங்கு பழைய மோட்டார் வண்டிகளின் பெருங் கண்காட்சி ஒன்று நடைபெறுவது வழக்கம். 1960 ஆம் ஆண்டுகளிலும் 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் அந்நாட்டிற் செய்யப்பட்ட வேக வண்டிகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுட் பெரும்பாலானவை முகம் பார்க்கத்தக்க மெருகோடு மின்னும். அவற்றிடையே ஒரு சில வண்டிகள் மாத்திரம் ஒளி மங்கி, ஓரங்களிலே வர்ணம் தேய்ந்து, இருக்கைத் தோல் வெடித்துக் காணப்படும். புதிதாக வருபவர் ஒருவர் அவற்றைக் கண்டு, உடையவருக்குப் பணம் போதவில்லைப் போலும் என்று எண்ணி அப்பாற் செல்லக்கூடும். ஆனால் இத்துறையை நன்கறிந்தவர்கள் அங்கேதான் கூடுவர். முழந்தாளிட்டுக் குனிந்து, கைவிளக்கைப் பிடித்து, அவ்வண்டியின் அடிப்பாகத்தை நெடுநேரம் நோக்குவர். மின்னும் வண்டியை விட்டு மங்கிய வண்டியை அவர்கள் நாடுவது எதனால்? அதற்குரிய விடையை அறிதற்கு அவ்வண்டிகள் பிறந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

அமெரிக்கர் இவ்வகை வண்டியை 'மசில் கார்' என்பர். தசைவலிமை பொருந்திய கார் என்பது அதன் பொருள். நடுத்தர அளவுள்ள ஓர் உடலிலே மிகப் பெரிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, சாதாரண மக்கள் கொடுக்கக்கூடிய விலைக்கு விற்றலே இதன் இலக்கணம். இவ்வினத்தின் தொடக்கமாக 1964 ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜீ.ரீ.ஓ. வண்டியையே பெரும்பாலோர் எடுத்துக்காட்டுவர். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தன் நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என அந்நாளில் விதித்திருந்தது. பொன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியியலாளராயிருந்த ஜோன் டிலோரியனும் அவருடைய துணைவர்களும் அவ்விதிக்கு ஒரு சுற்றுவழி கண்டனர். பெரிய வண்டிகளுக்குரிய 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்னும் நடுத்தர வண்டியில் வைத்தனர். ஆனால் அதனைத் தனி வண்டியாகக் காட்டாது, வேண்டுவோர் மேலதிகப் பணம் கொடுத்துப் பெறும் ஓர் இணைப்பாக விலைப்பட்டியலிற் சேர்த்துவிட்டனர். முதலாண்டிலேயே 32,450 வண்டிகள் விலைப்பட்டன. அதனைக் கண்ட செவ்ரலே, போர்ட், டொட்ஜ், பிளிமத் முதலியனவும் போட்டியிற் குதித்தன.

இவ்வண்டிகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர். ஆதலால் அவை பேணப்படவில்லை; ஓட்டப்பட்டன. சந்திவிளக்கு மாறியவுடன் முந்துவதற்கும், வார இறுதியில் நேர்கோட்டுப் பந்தயம் ஓடுவதற்கும் பயன்பட்டன. மோதியவை உண்டு, எஞ்சின் மாற்றப்பட்டவை உண்டு, உடையவரின் மனம்போனபடி வேறு வர்ணம் பூசப்பட்டவையும் பல. பின்னர் காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது. 1970 ஆம் ஆண்டின் முடிவில் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973 ஒக்டோபரில் எண்ணெய்த் தடை ஏற்பட்டுப் பெற்றோலுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். 1974 ஆம் ஆண்டோடு ஜீ.ரீ.ஓ., டொட்ஜ் சலஞ்சர், பிளிமத் பரகுடா ஆகியவற்றின் அக்காலத்து உற்பத்தி முடிவுற்றது. எஞ்சியவை மலிந்த விலைக்குக் கைமாறின. வட மாநிலங்களிலே பனிக்காலத்தில் வீதிகளிற் கொட்டப்படும் உப்பு அவற்றின் தகட்டைத் தின்றது. இவ்வாறு பல வழிகளில் அழிந்தவை போக, ஆலையிலே பூசிய வர்ணத்தோடு இன்றுவரை நிற்பவை மிகச் சிலவே.

இவ்வண்டிகளின் மதிப்பு உயர்ந்த பிற்காலத்திலே அவற்றுக்கு வேறு ஓர் ஆபத்து வந்தது. அஃது அன்பினால் வந்த ஆபத்து. பழைய வண்டியைப் பெற்றவர்கள் அதனைப் பாகம் பாகமாகக் கழற்றினர், மருந்திட்டும் மணல் வீசியும் பழைய வர்ணத்தைத் தகடு தெரியும்வரை அகற்றினர், கதவிடுக்குகளை நேராக்கினர், புதிய வர்ணம் பூசி, அதன்மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சும் இட்டனர். இவ்வேலையிலே திறமை மிகுந்த கைவினைஞர் பலர் உளர். அவர்தம் உழைப்பினால் அழிய இருந்த வண்டிகள் பல உயிர் பெற்றன. அதனை எவரும் குறைத்துப் பேசுதல் ஆகாது. ஆயினும் அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட வண்டி 1969 ஆம் ஆண்டில் இருந்த வண்டியன்று. அத்துணை அழகோடு எந்த வண்டியும் அக்காலத்து ஆலையை விட்டு வெளிவந்ததில்லை.

ஆலை வர்ணத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோர் இதனை எளிதில் உணர்வர். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அந்நாளில் அக்ரிலிக் லக்கர் என்னும் வர்ணத்தைப் பயன்படுத்தியது. கரைதிரவம் ஆவியாகிப் போக, எஞ்சியது மெல்லிய படலமாய்ப் படிந்துவிடும் வகை அது. சூடேற்றினால் இளகி மட்டமாகும். மெருகேற்றினால் நன்கு மின்னும். ஆண்டுகள் செல்லச் செல்ல மயிரிழை போன்ற வெடிப்புகள் காணும். போர்ட், கிறைஸ்லர் ஆலைகளில் வழங்கியது எனமல் வர்ணம். அது சூளையிலே வெந்து இறுகுவது. இறுகிய மேற்பரப்பு முற்றும் மட்டமாக அமைவதில்லை. கூர்ந்து நோக்கினால் தோடம்பழத்தின் தோலைப் போலச் சிறு மேடுபள்ளங்கள் தோன்றும். அமெரிக்கரும் அதனைத் தோடம்பழத் தோல் என்றே கூறுவர்.

இவ்விரு வகைக்கும் மேலே தெளிபூச்சு என்பது கிடையாது. ஆதலால் துணி கொண்டு தேய்த்து மெருகேற்றும்போதெல்லாம் தேய்வது வர்ணமே. துணியிலும் அவ்வர்ணம் ஒட்டும். ஐம்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தன் வண்டியைத் துடைத்து வந்த ஒருவரின் கை, பொனட்டின் முனையிலும் மட்காட்டின் மேற்கோட்டிலும் அடிப்பூச்சுத் தெரியும்வரை வர்ணத்தைத் தேய்த்திருக்கும். அத்தேய்வைக் கண்ட அறிஞர், இந்த வண்டி ஒரு மனிதனுடைய வாழ்நாளோடு ஒன்றியிருந்தது என்று அறிந்துகொள்வர்.

வர்ணத்துக்கு அடுத்தபடியாக ஆலையின் குறைகள் நோக்கத்தக்கன. பொருத்துத் தொடரிலே வண்டிகள் நில்லாது நகர்ந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட நேரம் மிகச் சிறிது. வர்ணம் பீச்சுபவரின் கை எட்டாத கதவின் அடிவிளிம்பில் வர்ணம் மெலிந்திருக்கும். மூலையிலே தடித்து, வழிந்த துளி அப்படியே உறைந்திருக்கும். வண்டியின் அடித்தளத்துக்கு உடலின் வர்ணத்தை எவரும் பொறுமையாகத் தீட்டியதில்லை. பக்கங்களுக்குப் பீச்சியபோது உள்ளே சிதறிய வர்ணம் புகைபோலப் படிந்து, நடுவிலே அடிப்பூச்சு மட்டும் தெரியும். தகடுகள் பொருந்தும் இடுக்குகளிலே நீர் புகாதிருக்க அடைப்புப் பசை பூசப்பட்டது. அதனை இழுத்துவிட்டவரின் விரற்கோடு சில வண்டிகளில் இன்றும் தெளிவாகத் தெரியும்.

அன்றியும், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடைப்பட்ட தகட்டுச் சுவரிலே மெழுகுக்கட்டியால் எழுதிய எண்களும் குறிகளும் காணப்படும். அவை தொடரில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் எழுதி வைத்த செய்திகள். மேற்பார்வையாளர் சோதித்த ஆணிகளிலே ஒரு சொட்டு வர்ணம் இடப்பட்டிருக்கும். எந்தச் சுருள்வில் எந்த வண்டிக்கு என்பதைக் காட்டும் வர்ணக்கோடுகளும் உண்டு. வார்ப்பிரும்புப் பாகங்களிலும் கண்ணாடிகளிலும் அவை செய்யப்பட்ட காலத்தைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அக்காலங்கள் வண்டி பொருத்தப்பட்ட நாளுக்குச் சற்று முற்பட்டனவாயிருத்தல் வேண்டும். பிற்பட்டிருப்பின் அப்பாகம் பின்னர் மாற்றப்பட்டது என்பது தெளிவு.

வானொலி நேயர்களுக்கு இன்பம் தரத்தக்க ஒரு செய்தியும் இங்குண்டு. ஒரு வண்டிக்கு எந்த எஞ்சின், எந்த வர்ணம், எந்த இருக்கை என்பவற்றைக் குறித்து அச்சிட்ட தாள் ஒன்று ஆலையின் பல பகுதிகளுக்கும் தொலையச்சுப் பொறி மூலம் ஒரே நேரத்தில் அனுப்பப்படும். கிறைஸ்லர் வண்டிகளைச் சேர்ப்போர் அதனை 'பிரோட்காஸ்ட் ஷீட்' என்பர். ஒலிபரப்புக்கு வழங்கும் சொல்லே அங்கே அந்தத் தாளுக்கும் வழங்குகின்றது. வேலை முடிந்ததும் தொழிலாளர் அதனைப் பின்னிருக்கையின் சுருள்விற்களுக்கு இடையிலோ வேறு மறைவிடத்திலோ செருகி விடுவர். எவரும் என்றும் தேடப்போவதில்லை என்பது அவர்கள் நினைப்பு. இன்றோ, எலி கடித்து மஞ்சளித்த அத்தாள் கிடைப்பின், அவ்வண்டியின் பிறப்புச் சாட்சிப் பத்திரமே கிடைத்தது போலாகும். சிலவேளை ஒரு வண்டியின் இருக்கையில் வேறொரு வண்டியின் தாள் இருப்பதுமுண்டு. வேகமாக நகர்ந்த தொடரிலே அத்தகைய தவறுகள் நேருவது இயல்பே.

குறையே அடையாளமாய் மாறியதற்கு 1970 ஆம் ஆண்டின் பிளிமத் சுப்பர்பேர்ட் சிறந்த எடுத்துக்காட்டு. நாஸ்கார் பந்தயத்தில் ஓடும் வண்டியைப் பொதுமக்களுக்கும் குறித்த தொகையில் விற்றல் வேண்டும் என்பது விதி. ஆதலால் கூர்மூக்கும் உயர்ந்த பின்சிறகும் கொண்ட அவ்விசித்திர வண்டியைச் சாதாரண ரோட்ரன்னர் வண்டியிலிருந்து அவசரமாக ஆக்கினர். கூர்மூக்குப் பொருந்துவதற்காகத் தம் தோழமை நிறுவனமான டொட்ஜின் கொரொனெட் வண்டியினுடைய முன் மட்காட்டையும் பொனட்டையும் எடுத்துக்கொண்டனர். காற்று தடையின்றிச் செல்லுமாறு பின் கண்ணாடியின் அமைப்பையும் மாற்றினர். அதற்காகப் பற்றவைத்த தகட்டின் மூட்டுகளைத் தேய்த்து மட்டமாக்க நேரமும் செலவும் மிகுதியாகும். ஆகவே கூரையைக் கறுத்த வைனில் துணியால் மூடிவிட்டனர்! விற்பனைக்கு வந்த சுப்பர்பேர்ட் யாவும் கறுத்த கூரையோடு வந்ததன் மருமம் இதுவே. அந்நாளில் இவ்வண்டியை விரும்பி வாங்கியோர் சிலரே. விலைப்படாது நின்றவற்றின் மூக்கையும் சிறகையும் கழற்றிச் சாதாரண வண்டியாக்கி விற்ற முகவர்களும் இருந்தனர். எனவே, யாரும் தொடாத சுப்பர்பேர்ட் ஒன்றின் வைனில் துணிக்கடியிலே தெரியும் கரடுமுரடான மூட்டு, ஆராய்ச்சியாளருக்குப் பெரும் பொருளாகின்றது.

இக்குறைகளை வெறும் வேடிக்கையாக மட்டும் கொள்ளலாகாது. அவற்றின் பின்னே மனிதர் இருந்தனர். டெட்ரோயிட் நகரால் சூழப்பட்ட ஹம்ட்ராமிக் என்னும் சிறு நகரிலே 'டொட்ஜ் மெயின்' என்ற மாபெரும் ஆலை இருந்தது. சலஞ்சர், பரகுடா வண்டிகளுட் பெரும்பாலானவை அங்கே பிறந்தன. 1968 மே மாதத்தில், வேலையின் வேகம் கூட்டப்பட்டதை எதிர்த்து அவ்வாலைத் தொழிலாளர் தொழிற்சங்கத்தின் அனுமதியையும் எதிர்பாராது வேலைநிறுத்தம் செய்தனர். தண்டனை தமக்கே அதிகம் விதிக்கப்பட்டது எனக் குமுறிய கறுப்பினத் தொழிலாளர்கள், அதனைத் தொடர்ந்து டொட்ஜ் புரட்சித் தொழிற்சங்க இயக்கம் என்ற பெயரால் ஓர் அமைப்பை உருவாக்கினர். கடினமும் அழுக்கும் நிறைந்த வேலைகளிலே அவர்களே மிகுதியாக அமர்த்தப்பட்டிருந்தனர். மேற்பார்வைப் பதவிகள் அவர்களுக்கு அரிதாகவே கிட்டின. தொடரின் வேகத்தைப் பற்றி அவர்கள் சொன்ன முறைப்பாட்டை ஏடுகளிற் படிக்கலாம். அவ்வேகத்தின் விளைவை வண்டியின் கதவு மூலையில் வழிந்துறைந்த வர்ணத்திலே கண்ணாரக் காணலாம்.

டொட்ஜ் மெயின் 1980 சனவரியில் மூடப்பட்டது. 1981 இல் இடிக்கப்பட்டது. அந்நிலத்தையும் சூழ இருந்த குடியிருப்புகளையும் சேர்த்து ஜெனரல் மோட்டர்ஸ் 1985 இல் திறந்த ஆலை, 2020 இல் மின்சார வண்டிகள் செய்வதற்கென மாற்றியமைக்கப்பட்டது. பழைய ஆலையின் செங்கற் சுவர்களும் வர்ணக்கூடமும் சூளையும் போய்விட்டன. அங்கே நின்று உழைத்த தலைமுறையும் மறைந்து வருகின்றது. அவர்களுடைய கைவேலை அவர்கள் விட்ட நிலையிலேயே எஞ்சியிருப்பது புதுப்பிக்கப்படாத வண்டிகளில் மாத்திரமே.

இங்கே ஒரு தடை எழக்கூடும். அப்படியாயின் துருப்பிடித்து இற்றுப்போகும் வண்டியையும் தொடாது விட்டுவிடுவதா என்று கேட்கலாம். அவ்வாறன்று. டயர், குழாய், தடுப்பின் தேய்பாகங்கள் முதலியன காலத்தால் கெடுபவை. அவற்றை மாற்றாது வீதியிற் செல்வது உயிருக்கு ஆபத்து. மாற்றியபின் கழற்றிய பழைய பாகத்தைக் குறிப்பெழுதிப் பேணி வைத்தல் நன்று. பரவும் துருவைத் தடுத்தலும் கடமையே. மழையிற் கிடந்து தளம் உதிர்ந்த வண்டியிற் காப்பாற்றுதற்கு அதிகம் இல்லை. அதனைப் புதுப்பித்தலே தக்கது. ஆனால் தகடு உறுதியாயிருக்க, வர்ணம் மங்கிற்று என்ற ஒரே காரணத்துக்காக அதனை உரித்தெடுப்பது வேறு. காப்பதற்கும் புதுக்குவதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கின்றது.

பழைய ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் புலவரின் நிலை இதனை நன்கு விளக்கும். படியெடுத்தவர் தமக்குப் பிழையென்று தோன்றியதைத் திருத்தி எழுதிவிடுவர். அதிலிருந்து படியெடுப்பவர் அத்திருத்தத்தையும் மூலமென்றே கொள்வர். மூல ஏடு இருக்குமட்டும் ஒப்பிட்டுத் தெளியலாம். அது அழிந்தபின் தெளிவதற்கு வழியில்லை. மோட்டார் வண்டிகளிலும் இதுவே நிகழ்கின்றது. புதுப்பிப்போர் இன்று ஆலையின் மெழுகுக்கட்டிக் குறிகளைக்கூடப் பார்த்து எழுதுகின்றனர். அடித்தளத்திற் சிதறிய வர்ணத்தைக்கூட வேண்டுமென்றே சிதறவிடுகின்றனர். அதனை எங்கே எவ்வளவு சிதறவிடுவது என்பதை அவர்கள் கற்பது, ஒருவரும் தொடாத வண்டியிடமிருந்தே. அத்தகைய வண்டிகள் இல்லாது போனால், ஒரு படியைப் பார்த்து மற்றொரு படி செய்யும் நிலை உண்டாகும்.

பொய்யும் இத்துறையிற் புகாமலில்லை. அசல் வர்ணத்துக்கு விலை உயர்ந்ததும், புதிய வர்ணத்தைத் தேய்த்துப் பழமை காட்டுவோர் தோன்றினர். தகட்டெண்ணையும் தாளையும் போலியாக ஆக்குவோரும் உளர். ஆயினும் ஒரு மனிதனின் முழங்கை நாற்பது ஆண்டுகள் உராய்ந்த கதவோரத்தின் தேய்வையும், வெயில் ஒரு பக்கத்தை மட்டும் வெளிறச் செய்த முறையையும் ஒருவாரத்திலே போலியாக ஆக்குதல் எளிதன்று. பல வண்டிகளைக் கண்டு பழகிய கண் அவ்வேறுபாட்டைப் பிடித்துவிடும். காந்தம் ஒட்டாத இடத்திலே தகட்டுக்குப் பதிலாக நிரப்புப் பசை இருக்கின்றது என்பதும், வர்ணத்தின் தடிப்பை அளக்கும் கருவி காட்டும் மிகையான எண் பிற்பூச்சைக் குறிக்கின்றது என்பதும் அவர்கள் கையாளும் சோதனைகள்.

இக்கருத்து இன்று ஒரு சிலரது விருப்பமாக மட்டும் நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவின் பெபிள் பீச் என்னுமிடத்தில் நடைபெறும் புகழ்பெற்ற போட்டியிலே 2001 ஆம் ஆண்டு முதல் புதுப்பிக்கப்படாத வண்டிகளுக்கெனத் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012 இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களைப் பேணுவதற்கு 1964 இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தை அடியொற்றி எழுந்தது அது. கோயிலையும் கோட்டையையும் பேணும் நெறி மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்பதே அதன் சாரம்.

பொதுமக்களும் இதனை உணர்ந்ததற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1968 இல் வெளியான 'புல்லிட்' என்ற திரைப்படத்தில் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டிய கரும்பச்சை மஸ்டாங் வண்டியை 1974 இல் ஒரு குடும்பத்தினர் ஏறத்தாழ ஆறாயிரம் டொலருக்கு வாங்கினர். அதனை வேலைக்குச் செல்லும் வண்டியாகவே ஓட்டினர். 1977 இல் மக்குவீன் தாமே கடிதமெழுதி அதனைத் திரும்ப வாங்கக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. பின்னர் அது பல்லாண்டு கொட்டகையிற் கிடந்தது. 2018 இல் மீண்டும் உலகத்தின் முன் வந்தபோது, ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டிய வேலைகள் செய்யப்பட்டிருந்தனவேயன்றி, அதன் மேனி மெருகூட்டப்படவில்லை. நசுக்கமும் துருவும் படப்பிடிப்புக்காகச் செய்த மாற்றங்களின் அடையாளங்களும் அப்படியே இருந்தன. 2020 சனவரியில் புளொரிடா மாநிலத்தில் நடந்த ஏலத்திலே, ஏலக் கட்டணம் உட்பட, 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு அது விலைப்பட்டது. அதனைப் புத்தம் புதிதாக்கியிருந்தால், படத்திற் கண்ட வண்டி இதுதானா என்ற ஐயமே எஞ்சியிருக்கும்.

இத்தகைய பெரும் புகழ் எல்லா வண்டிக்கும் வாய்ப்பதில்லை. கொட்டகையிற் கிடக்கும் சாதாரண பச்சைச் சலஞ்சருக்கோ மங்கிய நீல ஜீ.ரீ.ஓ. வண்டிக்கோ எவரும் கோடி கொடுக்கப் போவதில்லை. அவற்றைப் பெற்றவர்களுக்கே இவ்வுண்மை மிகவும் வேண்டியது. இக்கலையில் முதிர்ந்தோர் அவர்களுக்குக் கூறும் வழி எளிது. முதலிலே ஒன்றையும் கழற்றாது யாவற்றையும் படம் பிடித்தல் வேண்டும். மென்மையான சவர்க்கார நீரினாற் புழுதியை மட்டும் அகற்றல் வேண்டும். பின்னிருக்கையின் கீழே தாள் உண்டோ என்று தேடல் வேண்டும். அதன் பின்னர், அவ்வண்டியை அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டும்வரை காத்திருத்தல் வேண்டும். புதுப்பிப்பது என்று முடிவானால் அடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம். பத்தாண்டு கழித்தும் புதுப்பிக்கலாம். உரித்த வர்ணத்தை மீட்க மட்டும் எக்காலத்திலும் இயலாது.

ரோஸ்மொண்ட் கண்காட்சியிலே முழந்தாளிட்டுக் கைவிளக்குப் பிடிப்போர் தேடுவதும் அதனையே. அடைப்புப் பசையில் அவர்கள் காணும் விரற்கோடு, அரை நூற்றாண்டுக்கு முன் டெட்ரோயிட்டுக்கு அருகே ஓர் ஆலையில், நகர்ந்துகொண்டிருந்த தொடருக்கு ஈடுகொடுத்து உழைத்த ஒருவருடையது. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் நின்ற கூடமும் இன்று இல்லை. அக்கோட்டின்மேல் புதிய பூச்சு விழாதிருக்குமட்டும் அவரது உழைப்புக்கு ஒரு சாட்சி இருக்கும்.